வெள்ளி மோதிரத்தின் இணைப்பில் பற்றாசு இறங்காதது ஏன்?

கேள்வி: சாட்ஸ்வர்த் மாணவி

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கைவினை நகை வகுப்பு ஒன்றில் சேர்ந்து எனக்கு மூன்று வாரங்கள் ஆகின்றன. அது ஆறு வார வகுப்பு. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். முதல் வாரம் செப்புத் தகட்டை அறுக்கவும் அரத்தால் ராவவும் பழகினோம். இரண்டாம் வாரத்திலிருந்து 925 வெள்ளித் தகட்டில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) ஒரு சாதாரண வளைய மோதிரத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். தகட்டின் கனம் 1.5 மில்லிமீட்டர், அகலம் 4 மில்லிமீட்டர்.

நான் இடறும் இடம் இணைப்புதான். தகட்டை வளைத்து, இரு முனைகளையும் சேர்த்து, வெண்காரம் பூசி, பற்றாசுத் துண்டை (உருகி முனைகளை ஒட்டவைக்கும் உலோகக் கலவை) இணைப்பின் மேல் வைத்து, தீச்சுடரை நேராக அதன் மீது காட்டுகிறேன். பற்றாசு உருகத்தான் செய்கிறது. ஆனால் இணைப்புக்குள் இறங்காமல் சிறு மணியாகத் திரண்டு ஒரு பக்கமாக உருண்டு ஒட்டிக்கொள்கிறது. மூன்று முறை இப்படியே நடந்தது. மூன்றாம் முறை விடாமல் சூடேற்றியதில் மோதிரத்தின் ஓரம் கண்ணாடி போல மின்னிச் சற்றே சரிந்துவிட்டது. ஆசிரியர் பொறுமையானவர்தான்; ஆனால் அடுத்தடுத்துப் பலர் காத்திருப்பதால், என் அருகில் நின்று தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

தகட்டை அறுக்கும் வாளில் பூட்டும் மெல்லிய வாளிழைகள் ஒடிவதும் தொல்லையாக இருக்கிறது. சென்ற வாரம் மட்டும் 14 இழைகள் ஒடிந்தன.

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் ஆயா (பாட்டி) விட்டுச்சென்ற பொன் மூக்குத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் திருகாணி மரை தேய்ந்து, இனி அணிய முடியாத நிலையில் இருக்கிறது. வகுப்பு முடிவதற்குள் அதை உருக்கி, நான் செய்யும் வெள்ளி மோதிரத்தின் மேல் ஒரு சிறு பொன் பொட்டாக வைக்க ஆசைப்படுகிறேன். தொடக்க நிலையில் இருப்பவர் அதைச் செய்யலாமா?

வகுப்பில் எல்லாச் சொற்களும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தமிழை வாரக் கடைசி வகுப்புகளில்தான் படித்தேன் என்றாலும், ஆயாவின் வாயில் வெண்காரம், குறடு, பொடி என்ற சொற்களைக் கேட்டிருக்கிறேன். ஆகவே விளக்குபவர்கள் தமிழ்ச் சொற்களோடு விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: டொங்காட் பட்டறைக்காரர்

அம்மா, வணக்கம். நாற்பது ஆண்டுகள் பட்டறையில் அமர்ந்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். என் பாட்டனாரின் தந்தை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் உமியோட்டையும் (தட்டாரின் உமித்தீச் சட்டி) ஊதுகுழலையும் தேடி எடுத்துக்கொண்டு தம் குலத்தொழிலுக்கே திரும்பினார் என்று வீட்டில் சொல்வார்கள். உங்கள் ஆயா சொன்ன 'பொடி' என்பது பற்றாசைத்தான். அதை அரத்தால் ராவிப் பொடியாக்கி, வெண்காரத்தோடு இணைப்பில் வைத்து, ஊதுகுழலால் ஊதுவார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்ற வழக்கும் இதிலிருந்துதான் வந்தது என்று என் தந்தையார் சொல்வார்.

உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: சுடரை நேராகப் பற்றாசின் மீது காட்டுகிறீர்கள். அதை நிறுத்துங்கள். பற்றாசை உருக்க வேண்டியது சுடரன்று. சூடேறிய வெள்ளிதான் அதை உருக்க வேண்டும். பற்றாசு எப்போதும் வெப்பம் மிகுந்த இடத்தை நோக்கியே ஓடும். அது மட்டும் சூடாகி, அதன் கீழுள்ள வெள்ளி குளிர்ந்திருந்தால், தாமரை இலைத் தண்ணீர் போல ஒட்டாமல் திரண்டு நிற்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. உலோகங்களிலேயே வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளி. இணைப்பில் நீங்கள் கொடுக்கும் வெப்பம் அங்கே தங்காமல் வளையம் முழுவதும் பரவி வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் மோதிரம் முழுவதையும், இணைப்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, சுடரை வட்டமாகச் சுழற்றிச் சீராகச் சூடேற்றுங்கள். முழு வளையமும் ஒரே நிறத்துக்கு வந்த பிறகுதான் சுடர் இணைப்புக்கு வர வேண்டும். அப்போதும் அது ஓரிடத்தில் நிற்கக் கூடாது.

வெப்பம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வெண்காரமே காட்டிவிடும். முதலில் அதிலுள்ள நீர் வெளியேறுவதால் பொரிபோலப் பொங்கும். அந்த நேரத்தில் பற்றாசுத் துண்டு தள்ளப்பட்டு விழக்கூடும். அவசரப்படாமல் சுடரை விலக்கி, துண்டைக் கம்பி முனையால் மீண்டும் இடத்தில் வையுங்கள். பிறகு வெண்காரம் அடங்கி வெள்ளைத் தோலாகும். அதன் பிறகு, ஏறத்தாழ 740 பாகை செல்சியசில், உருகித் தெளிந்த கண்ணாடியாகப் பரவும். பட்டறைகளில் 'ஹார்ட்' என்று வழங்கும் கடினப் பற்றாசு ஏறத்தாழ 745 முதல் 780 பாகைக்குள் உருகி ஓடும். ஆகவே வெண்காரம் தெளிந்துவிட்டது என்றால் பற்றாசு ஓடும் கணம் நெருங்கிவிட்டது என்று பொருள். 925 வெள்ளியோ ஏறத்தாழ 800 பாகையிலேயே இளகத் தொடங்கும். பற்றாசு ஓடுவதற்கும் மோதிரம் சரிவதற்கும் இடையில் இருப்பது சில பத்துப் பாகைகள்தான். உங்கள் மோதிரத்தின் ஓரம் மின்னியது அந்த எல்லையைத் தாண்டியதால்தான். பற்றாசு ஒரு பளிச்சென்ற கோடாக இணைப்பில் ஓடுவதைக் கண்டவுடன் சுடரை எடுத்துவிட வேண்டும். உறுதிக்காக இன்னும் ஒரு நொடி என்று எண்ணுவதில்தான் பல மோதிரங்கள் கெடுகின்றன. இந்த நிறங்களைக் காண்பதற்கு மேசைக்கு மேலுள்ள விளக்கை அணைத்துவிட்டு மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். டர்பனின் நண்பகல் வெயில் சன்னல் வழியே விழும் மேசையில் எந்தக் கண்ணுக்கும் மங்கிய சிவப்பு தெரியாது.

சுடரைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உங்கள் இணைப்பு சுடருக்கு முன்பே தோற்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. பற்றாசு இடைவெளியை நிரப்பாது. மயிரிழைச் சந்து இருந்தால் நீர் பஞ்சில் ஏறுவது போல அதில் ஏறும். காகிதம் நுழையும் அளவு சந்து இருந்தால் இரு பக்கமும் பிரிந்து ஓடிவிடும். ஆகவே மோதிரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இணைப்பின் வழியே ஒளி தெரிந்தால் அடுப்பின் பக்கமே போகாதீர்கள். முனைகளைச் சேர்க்க எனக்குச் சொல்லித்தந்த முறை இது: இரு முனைகளையும் ஒன்றையொன்று தாண்டிச் செல்லுமாறு அழுத்தி, பின் பக்கவாட்டில் இழுத்து நேருக்கு நேர் கொண்டுவந்து விட்டால், வெள்ளியின் விறைப்பே அவற்றை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும். அந்த நிலையில் மெல்லிய வாளிழை ஒன்றை இணைப்புக்குள்ளேயே செலுத்தி ஒரு முறை அறுத்தால் இரண்டு முகங்களும் தாமாகவே ஒரே சாய்வுக்கு வந்துவிடும். மீண்டும் அழுத்திச் சேர்த்தால் ஒளி நுழையாது. இந்தக் கட்டத்தில் மோதிரம் வட்டமாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். கோணலாக, ஒரு பக்கம் தட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. பற்றவைத்த பிறகு மோதிரக் கம்பத்தில் ஏற்றி மரச் சுத்தியால் தட்டினால் வட்டம் வந்துவிடும்.

தகடு வளைய மறுத்தால் வலிமையைக் காட்டாதீர்கள். தட்டவும் வளைக்கவும் வெள்ளி இறுகிக்கொண்டே போகும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி நீரில் தணித்தால் மீண்டும் இளகிக் கொடுக்கும். எழுதுவதற்கு நாம் பயன்படுத்தும் கறுப்பு மார்க்கர் பேனாவால் தகட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், ஏறத்தாழ அந்தச் சூட்டில் கோடு மறையும்; நிறம் பார்த்துப் பழகாத கண்ணுக்கு இது நல்ல துணை.

விரலின் எண்ணெய் பட்ட வெள்ளியில் பற்றாசு ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். முனைகளை ராவிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.


பதில்: மாரிட்ஸ்பர்க் வாசகி

தங்கைக்கு வணக்கம். நான் இரண்டாண்டுகளாகக் கற்றுவருபவள்; பெரியவர் சுடரைப் பற்றிச் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வாளிழையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் என் முதல் மாதம் முழுவதும் அதிலேயே போயிற்று.

இழையின் பற்கள் வெளிப்புறமாகவும் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். வாள் கீழே இறங்கும்போதுதான் வெட்டும். மேலே ஏறும்போது சும்மா ஏறுகிறது. பற்களை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினால் வழுக்கிச் செல்லும், கீழிருந்து மேலாகத் தடவினால் பிடிக்கும். அதுதான் சரியான நிலை. சட்டத்தின் ஒரு முனையில் இழையை இறுக்கிய பின், சட்டத்தை மேசையில் சாய்த்து நெஞ்சால் சற்று அழுத்தி, அது வளைந்திருக்கும்போதே மறுமுனையை இறுக்குங்கள். விட்டவுடன் இழையை மீட்டினால் தம்புராவின் நரம்பு போல உயர்ந்த நாதம் வர வேண்டும். மந்தமான ஒலி வந்தால் அது தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இழை திருகிக்கொண்டு ஒடியும். உங்களுடைய 14 இழைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தகட்டின் கனத்துக்குள் குறைந்தது மூன்று பற்களாவது அடங்க வேண்டும் என்பது அளவு. 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு நான் 2/0 எண் இழையைப் பயன்படுத்துகிறேன். திருப்பங்களில் வாளைத் திருப்பாதீர்கள்; வாள் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்க, மறு கையால் தகட்டைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். இழையின் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள், முன்னோக்கித் தள்ளாதீர்கள். இழையின் முதுகில் சிறிது தேன்மெழுகு தடவிக்கொள்வதும் உதவும்.

நாற்காலியையும் கவனியுங்கள். வகுப்பு மேசை சாதாரண மேசையாக இருந்தால் நீங்கள் குனிந்து அறுப்பீர்கள். அப்போது வாள் செங்குத்தாக நிற்காது. அறுக்கும் பலகை மார்பின் உயரத்துக்கு வருமாறு தாழ்வாக உட்காருங்கள். நான் ஓர் உயரமான நாற்காலியைத் தாழ்ந்த முக்காலியாக மாற்றிக்கொண்ட நாளில் ஓர் இழைகூட ஒடியவில்லை.

வீட்டில் பழகச் செப்புத் தகடு போதும், விலையும் குறைவு. செம்பு 1085 பாகையில்தான் உருகும் என்பதால் உங்கள் கைச் சுடரில் சரிந்துபோகாது. சுடரை அச்சமின்றிப் பழகலாம். ஆயினும் செம்பு தரும் அந்தச் சலுகையை வெள்ளி தராது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: லெனேசியா கணக்கர்

ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் கணக்கும் பதிவேடும் பார்ப்பவன் என்ற முறையில் மூக்குத்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து அதை நீங்களாக உருக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் 2005ஆம் ஆண்டின் விலையுயர் உலோகச் சட்டம் பொன்னையும் பிளாட்டின வகை உலோகங்களையும் கட்டுப்படுத்துகிறது. நகையாக இருக்கும்வரை உங்கள் ஆயாவின் மூக்குத்தி உங்கள் உடைமை. அதை வைத்திருக்கவும் அணியவும் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதையே உருக்கி ஒரு மணியாகவோ தகடாகவோ ஆக்கிவிட்டால் அது இன்னும் பொருளாக உருப்பெறாத உலோகமாகக் கருதப்படும். அத்தகைய உலோகத்தை வைத்திருப்பதற்கும் வாங்கி விற்பதற்கும் உரிமமோ அனுமதிச் சீட்டோ வேண்டும். நகைத் தொழிலாளர்களுக்கான அனுமதிச் சீட்டை வைர, விலையுயர் உலோக ஒழுங்குமுறை ஆணையம் வழங்குகிறது. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் பொன் கண்டெடுக்கப்பட்ட நாளிலிருந்தே சுரங்கத்திலிருந்து திருட்டுத்தனமாக வெளியேறும் பொன்னைத் தடுப்பது இந்த நாட்டின் கவலையாக இருந்துவருகிறது. சட்டத்தின் கடுமைக்குக் காரணம் அதுதான். வெள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. தொடக்க வகுப்புகள் வெள்ளியிலும் செம்பிலும் பித்தளையிலும் நடப்பதற்கு விலை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம்.

அனுமதி பெற்ற பட்டறையில் கொடுத்தால் மூக்குத்தியின் எடையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அதே பொன்னைப் பொட்டாகச் செய்து மோதிரத்தில் பதித்துத் தருவார்கள். கொடுக்கும்போது நீங்களும் நின்று எடையைப் பாருங்கள், எழுத்தில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.


மறுமொழி: சாட்ஸ்வர்த் மாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இந்த வார வகுப்பு முடிந்தது. மாரிட்ஸ்பர்க் அக்கா சொன்னபடி தாழ்வாக உட்கார்ந்து அறுத்ததில் இரண்டே இழைகள்தான் ஒடிந்தன. சரிந்த மோதிரத்தை ஒதுக்கிவிட்டுப் புதிய தகட்டில் தொடங்கினேன். இணைப்பை மூன்று முறை வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்றாம் முறைதான் ஒளி மறைந்தது. ஆசிரியரிடம் கேட்டு விளக்கை அணைத்துக்கொண்டு, ஐயா சொன்னபடி எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றிச் சூடேற்றினேன். வெண்காரம் பொங்கி, வெளுத்து, தெளிந்து, அடுத்த சில நொடிகளில் ஒரு வெள்ளிக் கோடு இணைப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியதை என் கண்ணால் கண்டேன். கை நடுங்கியது, ஆனாலும் சுடரை உடனே எடுத்துவிட்டேன். ஒட்டிவிட்டது. கம்பத்தில் ஏற்றித் தட்டியும் பிரியவில்லை.

மூக்குத்தியை உருக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இந்தச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இப்போது இரண்டு ஐயங்கள். சூட்டில் படிந்த கறையைப் போக்க அமில நீரில் போட்டு எடுத்த மோதிரம் வெள்ளையாக வராமல் இளஞ்சிவப்பாக வந்தது. அடுத்ததாக, மோதிரம் என் விரலுக்குச் சிறியதாகிவிட்டது. பழைய மோதிரம் ஒன்றின் உள்விட்டத்தை அளந்தேன், 17 மில்லிமீட்டர் இருந்தது. அதை 3.14 ஆல் பெருக்கித்தான் தகட்டை வெட்டினேன்.


பதில்: டொங்காட் பட்டறைக்காரர்

மிக்க மகிழ்ச்சி அம்மா. அந்தக் கோடு ஓடுவதை ஒரு முறை கண்ட கண் பிறகு அதை மறக்காது.

இளஞ்சிவப்புக்குக் காரணம் பெரும்பாலும் இரும்பு. பலரும் பயன்படுத்திய அமில நீரில் 925 வெள்ளியிலும் பற்றாசிலும் இருந்து கரைந்த செம்பு நிறைந்திருக்கும். 925 என்பதே ஆயிரத்தில் 75 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதுதானே. அந்த நீருக்குள் இரும்புக் குறடோ, மோதிரத்தைக் கட்டிய இரும்புக் கம்பியோ போனால், கரைந்த செம்பு வெள்ளியின் மேல் மென்படலமாகப் படியும். செம்பு, மரம், பிளாஸ்டிக் இவற்றாலான குறட்டையே அமிலத்துக்குள் விட வேண்டும். உங்கள் மோதிரத்துக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. படலம் மிக மெல்லியது, நைசான உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும். மெருகேற்றிய பிறகும் சாம்பல் நிற நிழல் திட்டாகத் தெரிந்தால் அது வேறு: சூட்டில் வெள்ளிக்குள் இருக்கும் செம்பு கருகி உள்ளே படிந்தது. அதை ஆழமாக ராவித்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் செய்யும்போது கந்தக அமிலம் வாங்கி வைக்காதீர்கள். எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெந்நீரில் கரைத்தாலே போதுமானது, சற்று நேரம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் புளி கரைத்த நீரில் கொதிக்க வைத்தே வெளுப்பார்கள். நீச்சல் குளத்துக்கு ஊற்றும் அமிலத்தைத் தொடவே வேண்டாம். சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள், தலைமுடியைப் பின்னிக் கட்டிக்கொள்ளுங்கள். பற்றாசு வாங்கும்போது காட்மியம் கலவாதது என்று கேட்டு வாங்குங்கள். அதன் புகை நஞ்சு.

அளவில் நேர்ந்தது தகட்டின் கனத்தைச் சேர்க்காததால். வளைக்கும்போது தகட்டின் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும், நடுவில் உள்ள கோடுதான் மாறாது. ஆகவே உள்விட்டத்தோடு கனத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 17உடன் 1.5 சேர்த்தால் 18.5, அதை 3.14 ஆல் பெருக்கினால் 58.1 மில்லிமீட்டர். நீங்கள் வெட்டியது 53.4. கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. தட்டி நீட்டிச் சரிசெய்யும் அளவன்று. இந்த மோதிரத்தைச் சுண்டுவிரலுக்கு வைத்துக்கொண்டு, அடுத்த தகட்டை 58.5 ஆக வெட்டி, முனைகளை ராவிச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

மூக்குத்தியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன் பின்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பழைய நகைகளை வீட்டிலோ தெருமுனையிலோ ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். சாம்பல் நிறத்தில் மந்தமான திட்டு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈயம் ஒட்டியிருக்கும் பொன்னையோ வெள்ளியையோ செந்தணலுக்குக் கொண்டுபோனால் ஈயம் உலோகத்தை அரித்துக் குழியாக்கிவிடும். முதலில் அதைச் சுரண்டி எடுத்த பிறகே நெருப்புக்குப் போக வேண்டும். கல்லையும் முன்பே கழற்றச் சொல்லுங்கள்.